சூறைவீரனுக்குப் பயன் சொன்னவர்

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையை விட்டு ஓடி வந்த அன்று யார் யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்ற கதை அவர்கள் தஞ்சம் புகுந்த பள்ளிக்கூடத்தில் ஒரு மாதமாக ஓயவில்லை. சீதேவிப்பிள்ளை அரைவாசி வெந்த சோற்றோடு பானையைத் தூக்கி வந்திருந்தாள். ஒருவர் கோழிக்கூட்டைச் சுமந்து வந்து, வாவியைக் கடந்த பிறகுதான் உள்ளே கோழி இல்லை என்று கண்டார். ஆனால் எல்லாரையும் தூக்கியடித்தவன் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் சாமித்தம்பி. நாற்பத்திரண்டு வயது, இரண்டு பெண்களுக்குத் தகப்பன். வெடிச் சத்தத்துக்குள் தோணியில் பாய்ந்து ஏறியபோது அவன் மடியில் செருகியிருந்தது ஒரு சித்திரக்கதைப் புத்தகம். அட்டையில் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தான். பெயர் சூறைவீரன்.

வினாயகமூர்த்திக்கு அந்த அட்டையைக் காணக் காண எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர்க் கோயிலில் புராணப் படிப்பு நடந்தால் இராசதுரை பாட்டை இழுத்துப் படிப்பார், வினாயகமூர்த்தி அதற்குப் பயன் சொல்வார். அதாவது பாட்டின் பொருளை ஊருக்கு விளங்கும் பேச்சில் விரித்துச் சொல்வார். முப்பது வருடமாக அவர்தான். இந்த முப்பது வருடத்தில் பாட்டில் இல்லாத ஒரு சொல்லை அவர் சொன்னதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. ஊர் மறந்துபோனாலும் அவரே ஞாபகப்படுத்திவிடுவார்.

"வயசு போன மனிசன் வாசிக்கிற புத்தகமாடா இது? உன்ர சின்ன மகளே இதைப் பாத்துச் சிரிக்காள்" என்றார் ஒருநாள், கிணற்றடியில் வைத்து.

சாமித்தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்குக் கோபம் வராது. வந்திருந்தால் சங்கக்கடை நடத்தியிருக்க முடியாது. "கோயில் கதையில ஒராள் மலையத் தூக்கிட்டுப் பறந்தா நீங்க கண்ண மூடிக் கும்பிடுறீங்க அண்ணே. எங்கட ஆள் வெறுங்கையோட பறந்தா மட்டும் கூடாதா?"

"அது சாமி கதை. காலங்காலமாப் பெரியாக்கள் இருந்து கேட்ட கதை. இது பால்குடிப் பிள்ளையளுக்குப் பராக்குக் காட்டுற சாமான்."

பேச்சு அத்தோடு நின்றது. பள்ளிக்கூடத்தில் அப்போது எந்தப் பேச்சும் நெடுநேரம் ஓடுவதில்லை. நான்காம் வகுப்பு அறையின் மூலையில், சுவரைப் பார்த்தபடி இலட்சுமிப்பிள்ளை படுத்திருந்தாள். எல்லார் பேச்சும் போய்ப் போய் அந்த அறை வாசலில் அணைந்துவிடும்.

அவளுடைய புருசன் கனகசிங்கம், வினாயகமூர்த்திக்கு மருமகன் முறை. எண்பத்தாறு மாசியில், கதிர் முற்றிய வயல் வட்டையைப் பார்க்கப் போன பன்னிரண்டு பேரை ஆமிக்காரர் சுற்றி வளைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் பதினொரு பேர் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கனகசிங்கம் வரவில்லை. அவரை வேறு வாகனத்தில் ஏற்றினார்கள் என்றார் ஒருவர். ஏற்றவேயில்லை, அங்கேயே வைத்திருந்தார்கள் என்றார் இன்னொருவர். போய்க் கேட்ட முகாம்களிலெல்லாம் அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் ஊரே ஓட வேண்டி வந்துவிட்டது. இலட்சுமிப்பிள்ளையைத் தோணிக்குத் தூக்கித்தான் வந்தார்கள். வந்து படுத்தவள் எழும்பவில்லை. பத்தொன்பது நாளாகத் தண்ணீர் மட்டும்தான். யாரோடும் ஒரு சொல் இல்லை.

அவளுடைய அக்கா சீதேவிப்பிள்ளை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வினாயகமூர்த்தியிடம் வந்தாள்.

"அண்ணே, வீட்டில கஸ்டம் வந்தா நாங்க படிப்பு வைக்கிறதுதானே. இஞ்சயும் ஒண்டு வைப்பம். கதையக் கேட்டாவது இவள் சுவர விட்டு இந்தப் பக்கம் கிறுகிறாளா பாப்பம்."

வினாயகமூர்த்தி உதட்டைப் பிதுக்கினார். புத்தகம் ஊர்க் கோயில் பெட்டிக்குள் கிடக்கிறது. பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்த இராசதுரை மண்டூர்ப் பக்கம் ஓடிவிட்டார். பாட்டு இல்லாமல் பயன் சொல்வது அவர் வழக்கத்தில் இல்லை. பள்ளிக்கூட அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் நாற்பது இருந்தது. கழித்தலுக்கும் பெருக்கலுக்கும் எந்த மனிதன் பயன் சொல்வான்?

"என்னட்டக் கதை ஒண்டு இரிக்கி" என்றான் சாமித்தம்பி, வாசலில் நின்றபடி.

வினாயகமூர்த்தி அவனை முறைத்தார். சீதேவிப்பிள்ளையோ இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எந்தக் கதை எண்டாலும் எனக்குக் காரியமில்ல. என்ர தங்கச்சி செத்துப் போயிருவாள் அண்ணே" என்றாள். வினாயகமூர்த்தி அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டு, "பின்னேரம் நாலு மணிக்கு வைப்பம்" என்றார்.

பின்னேரம் நான்கு மணிக்குப் படிப்புத் தொடங்கியது. மேசை வாங்குகளை ஒதுக்கி, நான்காம் வகுப்பு வாசலுக்கு நேரே பாய் விரித்து, சிரட்டையில் ஒரு விளக்கும் ஏற்றி வைத்தாகிவிட்டது. வினாயகமூர்த்தி குளித்துத் திருநீறு பூசி வந்திருந்தார். செய்வது கோமாளி வேலை என்றாலும் முறையாகச் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. சாமித்தம்பிக்குக் குரல் வளம் உண்டு. அவன் முதல் பக்கத்தைப் புராண ராகத்திலேயே எடுத்தான். மூன்றாவது படத்தில் கொள்ளைக்காரர் வங்கிக் கதவை உடைக்கிறார்கள். படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்ததை அவன் கண்ணை மூடி, நீட்டி நெளித்து இழுத்தான்.

"டமாஆஆஆர்..."

படித்துவிட்டு, வழக்கப்படி பயனுக்காக நிறுத்தினான். எல்லாரும் வினாயகமூர்த்தியைப் பார்த்தார்கள். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது.

"அதாகப்பட்டது" என்றார். "கதவு உடைஞ்சுது."

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு சிரிப்பு ஒவ்வொரு பாயாகப் பரவி மண்டபம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. மூன்று வாரமாகச் சிரிப்பைக் கேட்காத பள்ளிக்கூடம் அது. அவமானத்தில் எழும்பிப் போக இருந்த வினாயகமூர்த்தி, அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே இருந்துவிட்டார்.

ஆறாம் பக்கத்தில் கதை வேறு மாதிரியாயிற்று. சூறைவீரன் பகலில் சுவர்க் கடிகாரம் திருத்தும் ஒரு சாதாரண மனிதன். அவனுடைய பட்டினத்தைச் சூறாவளி அடிக்க வருகிறது. கூரைகள் பறக்கின்றன. அவன் கடற்கரையில் தனியே நின்று, வாயைத் திறந்து, அந்தக் காற்று முழுவதையும் உறிஞ்சித் தன் நெஞ்சுக்குள் அடைத்துக்கொள்கிறான். அன்றிலிருந்து அவனுடைய பலமெல்லாம் அந்த மூச்சுத்தான். முழுவதையும் வெளியே விட்டால் உயிர் போய்விடும்.

சிரித்துக்கொண்டிருந்த சனம் சட்டென்று அடங்கியது. அங்கே இருந்த பெரியவர்கள் ஒருவர் தவறாமல் எழுபத்தெட்டாம் வருடச் சூறாவளியில் கிடந்து எழும்பியவர்கள். தென்னையைக் கட்டிப் பிடித்தவர்கள், கூரை போனவர்கள், பிள்ளையை விட்டவர்கள்.

"அந்தக் காத்தையா?" என்று கேட்டார் நல்லரத்தினம். அவர் எழுபது வயது மீனவர். "அதை முழுசாவா?"

 அந்தச் சூறாவளி இரவில் வினாயகமூர்த்தி நெல்லுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் கிடந்தார். வெளியே காற்றுப் போட்ட ஓலம் இன்னும் அவர் காதில் உண்டு. முப்பது வருடமாக எத்தனையோ பேருடைய பலத்துக்கு அவர் பயன் சொல்லியிருக்கிறார். ஆயிரம் யானை, பதினாயிரம் யானை என்று வாய் நிறையச் சொல்லியிருக்கிறார். ஆயிரம் யானையை அவர் கண்டதில்லை. இந்தக் காற்றை அவர் கண்டவர். அதைக் குடித்து நெஞ்சுக்குள் வைத்திருக்கிற ஒருவனை நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"முழுசா" என்றார் கடைசியில். "ஒரு துளி மிச்சமில்லாம. அந்தக் காத்து எல்லாம் இப்ப ஒரு மனிசன்ர நெஞ்சுக்குள்ள. அவர் அதை வச்சுக்கொண்டுதான் கடையில இருந்து மணிக்கூடு திருத்துறார்."

நல்லரத்தினம் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படியே செய்தார்கள். வளர்ந்து நரைத்த மனிதர்கள், வரம்பு கட்டிக் காய்த்த கைகளைத் தங்கள் தங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பார்த்திருந்தார்கள். இந்தக் கதை பிள்ளைகளுக்குத்தான் என்று எந்த மடையன் சொன்னான் என்று நினைத்த வினாயகமூர்த்திக்கு, சொன்னது தான்தான் என்பது கொஞ்சம் பிந்தித்தான் ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாள், படிப்பின் நடுவில், சீதேவிப்பிள்ளை வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அறைப் பக்கம் கையைக் காட்டினாள். இலட்சுமிப்பிள்ளை இந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. அன்று மாலை அரைக் கோப்பை கஞ்சி குடித்தாள். செய்தி கிணற்றடி வரைக்கும் ஓடியது. சாமித்தம்பி வெற்றி வீரனாக உலாவினான்.

மூன்றாம் நாள் அவள் எழும்பி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கதையில் எதிரிகள் சூறைவீரனைப் பிடித்து, ஆலைக் கல்லோடு சங்கிலியால் பிணைத்து, கப்பலில் இருந்து நடுக்கடலில் தள்ளிவிட்டார்கள். சாமித்தம்பி படித்தான், வினாயகமூர்த்தி பயன் சொன்னார். சனம் மூச்சு விடவில்லை. கடைசிப் படத்தில் எழுத்தே இல்லை. கடலின் அடியில், இருட்டில், வாயை இறுக மூடியபடி அவன் கிடக்கிறான். சாமித்தம்பி புத்தகத்தை மூடினான்.

"மறுகா என்ன நடந்த?" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"மறுகா இல்ல."

"என்னடா இல்ல?"

"கடைசித் தாள் இல்ல. சங்கக்கடைக்குச் சாமான் சுத்துறத்துக்கு மஜீட் காக்கா காத்தான்குடியில இருந்து கொண்டு வந்த பழந்தாள் கட்டுக்குள்ள கிடந்த புத்தகம். வரக்குள்ளயே அப்பிடித்தான். நான் ஒவ்வொரு தரமும் வாசிச்சிட்டு ஒவ்வொரு மாதிரி யோசிச்சுப் பாப்பன்." தன்மேல் என்ன பிழை என்று அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. படக்கதை வாசிக்கிறவனுக்குத் தாள் கிழிந்து போவதெல்லாம் பெரிய காரியமா?

படிப்புக் கேட்கிறவர்களுக்கு அப்படியில்லை. சாவுக் கட்டத்தில், சண்டைக் கட்டத்தில் படிப்பை ஒருபோதும் நிறுத்துவதில்லை. பொழுது பட்டாலும் தொடர்ந்து படித்து, மங்களமான ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் புத்தகத்தைக் கட்டுவார்கள். இல்லாவிட்டால் கேட்டவர் வீட்டுக்கு ஆகாது. யாருடைய வீட்டுக்காக இந்தப் படிப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் நான்காம் வகுப்பு அறையைப் பார்த்தார்கள். இலட்சுமிப்பிள்ளை மெதுவாகச் சரிந்து, மீண்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாவி, கடலுக்குள்ள போட்டிட்டு வந்திட்டியேடா" என்று ஆச்சிப்பிள்ளைக் கிழவி சாமித்தம்பியை நோக்கிக் கையை நீட்டித் திட்டினாள்.

அடுத்த நாள் காலையில் இலட்சுமிப்பிள்ளை கஞ்சியைத் தொடவில்லை. சீதேவிப்பிள்ளை வந்து வினாயகமூர்த்தியின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, நீங்க சொல்லி முடியுங்க. ஆள் சங்கிலிய அறுத்திட்டு மேல வந்திட்டார் எண்டு சொல்லுங்க. ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே புள்ள."

"உங்கட வாயால சொன்னா அவள் நம்புவாள்."

அதுதான் அவரைப் பயமுறுத்தியது. வாவிக் கரைக்குப் போய்க் கண்ணா மரத்துக்குக் கீழே நின்றார். அக்கரையில் ஊர் கிடந்தது. கோயிலடி ஆலமரம் ஒரு பொட்டாகத் தெரிந்தது. வந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இன்று அவள் கஞ்சி குடிப்பாள். நாளைக்கும் மறுநாளும் கனகசிங்கம் வராவிட்டால், தன் வாயிலிருந்து வந்த சொல்லே அவளைக் கொன்றுவிடும். சொல்லாவிட்டாலோ இன்றே போய்விடுவாள். 

நான்கு மணிக்கு, ஒருவரும் கூப்பிடாமலே சனம் வந்து கூடியது. வினாயகமூர்த்தி புத்தகத்தைச் சாமித்தம்பியிடமிருந்து தானே வாங்கினார். கடைசிப் படத்தை முதல் தடவையாக அவசரமில்லாமல் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"எழுத்து இல்ல" என்றார். "படத்துக்குத்தான் பயன் சொல்லப் போறன். இதில இரிக்கிறதத்தான் சொல்லுவன், இல்லாத ஒரு சொல் சொல்ல மாட்டன். கல் இரிக்கி. சங்கிலி இரிக்கி. தலைக்கு மேல கடல் இரிக்கி. ஆள் வாய மூடியிரிக்கார். ஒரு குமிழி மேல போகல்ல. ஒண்டு கூட இல்ல, ஆரும் வந்து பாருங்க. எண்டா, அந்தக் காத்து முழுக்க இன்னும் நெஞ்சுக்குள்ளதான் இரிக்கி. இவ்வளவுதான் எழுதிக் கிடக்கு. மேல வந்தாரா வரல்லையா எண்டு எனக்குத் தெரியாது."

சனத்துக்குள் ஒரு முனகல் எழுந்தது. ஆச்சிப்பிள்ளை மறுபடியும் திட்டத் தொடங்கினாள். அப்போது அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. இருபத்திரண்டு நாள் பேசாமல் கிடந்து துருப்பிடித்த குரல்.

"மாமா. ஆள் மூச்சப் புடிச்சிட்டு இரிக்காரா?"

கூட்டம் முழுவதும் அறை வாசல் பக்கம் திரும்பியது.

"ஓம் புள்ள" என்றார் வினாயகமூர்த்தி. "புடிச்சிட்டு இரிக்கார்."

"குமிழி இல்லையா?"

"இல்ல."

இலட்சுமிப்பிள்ளை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். காற்றுப் பட்டாலே விழுந்துவிடுவாள் போல இருந்தாள். "அப்ப அப்பிடியே விடுங்க" என்றாள். "ஒருத்தரும் முடிக்காதேங்க. கேட்டுதா? மேல வந்திட்டார் எண்டும் சொல்ல வேணாம், செத்திட்டார் எண்டும் சொல்ல வேணாம். புடிச்சிட்டு இரிக்கட்டும்."

மங்களமான இடத்தில்தான் கட்ட வேண்டும் என்ற முறையை முப்பது வருடம் காத்தவர் வினாயகமூர்த்தி. இதைவிட மங்களமான ஓர் இடத்தை அவர் எந்தப் புராணத்திலும் காணவில்லை. புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக் கட்டினார்.

அன்றிலிருந்து ஊருக்குத் திரும்பும் வரைக்கும், ஏழு வாரம், அந்தப் பள்ளிக்கூடத்தில் நான்கு மணியானால் அந்தப் படத்துக்குப் பயன் நடந்தது. இலட்சுமிப்பிள்ளை முன் பாயில் வந்து இருப்பாள். "ஆள் எப்பிடி, மாமா?" என்று கேட்பாள். "மூச்சப் புடிச்சிட்டு இரிக்கார்" என்பார் அவர். பிறகு சனம் தங்கள் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லும். உப்புத் தண்ணியில் சங்கிலி எத்தனை நாளில் துருவேறும் என்று நல்லரத்தினம் விளக்குவார். ஹெலிகொப்டர் வாவிக்கு மேலே சுற்றிவிட்டுப் போகும். அதுவரைக்கும் குனிந்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாதம் தொடரும். இலட்சுமிப்பிள்ளை கஞ்சி குடித்தாள், பிறகு கஞ்சி காய்ச்சினாள், பிறகு அறுபது பேருக்குக் காய்ச்சுகிற கூட்டத்துக்கே தலைவியானாள்.

அடுத்த வருடம் சித்திரை கழிந்த பிறகு ஒருநாள் சாமித்தம்பி இரைக்க இரைக்கச் சைக்கிளில் வந்து வினாயகமூர்த்தியின் வீட்டு வளவுக்குள் இறங்கினான். ஊரில் சங்கக்கடை திரும்பவும் திறந்திருந்தது. கனகசிங்கம் வரவில்லை.

"அண்ணே, கிடைச்சிட்டு."

பழந்தாள் விற்கும் காத்தான்குடி மஜீட்டிடம் அவன் மாதாமாதம் அரித்துக்கொண்டிருந்தானாம். சின்னப் பிள்ளைகளின் புத்தகத்துக்கு இவ்வளவு பாடா என்று முதலில் சிரித்தவர், காரணத்தைக் கேட்டதும் சிரிப்பை விட்டாராம். வீட்டில் உள்ளவர்களையும் இருத்தி வைத்துக் பழந்தாள் சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் கிடந்த கட்டு அத்தனையையும் அவிழ்த்துத் தேடியிருக்கிறார். நாலாக மடித்த ஒரே ஒரு தாள்.

வினாயகமூர்த்தி மாட்டுப் பட்டியடியில் நின்றபடியே படித்தார். ஊரார் பயணம் போன கப்பலொன்று அதே கடலில் மூழ்கப் போகிறது. அடியில் கிடக்கும் சூறைவீரன் அதைக் காண்கிறான். வாயைத் திறந்து நெஞ்சிலிருந்த காற்று முழுவதையும் விட்டுவிடுகிறான். கப்பல் பறந்து போய்க் கரையில் நிற்கிறது. அவன் மேலே வரவில்லை. கடைசிப் படத்தில் பட்டினத்துச் சனங்கள் அவனுக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள். வாசித்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை.

"நல்ல முடிவுதானே அண்ணே" என்றான் சாமித்தம்பி. "சிலையெல்லாம் வைக்கிறாங்க."

"சிலைய வச்சிக்கொண்டு அந்தப் புள்ள என்னடா செய்யிற?" என்றார் வினாயகமூர்த்தி. "ஆருக்கும் சொன்னியா?"

தாள் கிடைத்ததை வருகிற வழியிலேயே சீதேவிப்பிள்ளையிடம் சொல்லிவிட்டிருந்தான். என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. சாமித்தம்பியின் வாய்க்கு அதுவே பெரிய கட்டுப்பாடு.

போகாமல் இருக்க முடியாது. போனார். இலட்சுமிப்பிள்ளை வளவில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கனகசிங்கத்தின் சைக்கிள் எண்ணெய் போட்டுத் துடைத்துச் சுவரில் சாத்தியிருந்தது. ரயருக்குக் காற்றும் அடித்திருந்தது.

"கடைசித் தாள் வந்திட்டாமே, மாமா."

"ஓம் புள்ள."

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சன்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"ஆள் எப்பிடி?"

பாட்டில் இல்லாத ஒரு சொல்லை முப்பத்தொரு வருடமாகச் சொல்லாத மனிதர் அவர். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவரிடம் கேட்கிறாள். வினாயகமூர்த்தி நிமிர்ந்து நின்று, பயன் சொல்லும் குரலை எடுத்தார்.

"மூச்சப் புடிச்சிட்டு இரிக்கார்."

"தாளில அப்பிடியா இரிக்கி?"

"தாளில அப்பிடித்தான் இரிக்கி."

அவள் கையை நீட்டினாள்.  எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்த பெண். கொடுக்காமல் விட்டால் விளங்கிவிடும், கொடுத்தாலும் விளங்கிவிடும். கொடுத்தார்.

அவள் அந்த மடித்த தாளைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். விரிக்கவில்லை. இன்னொரு மடிப்பு மடித்து, விரலால் அழுத்தி, அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"உங்களிட்டயே இரிக்கட்டும் மாமா. அவர் வீட்டுக்கு வந்த பொறகு எல்லாரும் இருந்து படிப்பம்."

அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவரால் அளக்க முடியவில்லை. எழுபத்தெட்டுக் காற்றை நெல்லுப் பெட்டிக்குள் கிடந்து கேட்டபோது வந்த அதே நடுக்கம் அவருக்கு வந்தது. தன்னில் பாதி வயதுள்ள அந்தப் பெண்ணுக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட வேண்டும் போல் இருந்தது.

கும்பிடவில்லை. தாளை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, அவள் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.